பயாப்ஸியில் ஏசிடிஎச் பாசிட்டிவ், ரத்தத்தில் நார்மல்: எதை நம்புவது?

வந்த கடிதத்தின் சுருக்கம்:

கும்பகோணம் பக்கத்திலிருந்து 43 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு வருடமாகத் தலைவலி. ஸ்கூட்டி ஓட்டும்போது பக்கவாட்டில் வரும் வண்டிகள் கண்ணில் படாமல் போகவே கண் டாக்டரிடம் போயிருக்கிறார். அங்கிருந்து எம்ஆர்ஐ, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் 2.8 செ.மீ. கட்டி. ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) 58, காலைக் கார்டிசால் (அட்ரினல் சுரப்பி தரும், உடம்பின் சொந்த ஸ்டீராய்டு) 8.6, ஏசிடிஎச் (அட்ரினலைத் தூண்டிக் கார்டிசாலைச் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) 34. "ஹார்மோன் சுரக்காத கட்டி" என்று சொல்லி மூக்கு வழியாக எடுத்திருக்கிறார்கள். பார்வை திரும்பிவிட்டது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் "பிட்யூட்டரி நியூரோஎண்டோகிரைன் டியூமர், டிபிட் பாசிட்டிவ், ஏசிடிஎச் பாசிட்டிவ், பிட்-1 நெகட்டிவ், எஸ்எஃப்-1 நெகட்டிவ், கேஐ-67 4%" என்று இருக்கிறது. மூன்றாம் மாத எம்ஆர்ஐயில் இடது ஓரத்தில் 6 மி.மீ. மிச்சம் தெரிகிறது.

அவர் கேட்பவை ஐந்து. இது புற்றுநோயா? ரத்தத்தில் நார்மலாக இருந்த ஏசிடிஎச் பயாப்ஸியில் பாசிட்டிவ் என்றால் லேபில் யாருடையதோ மாறிவிட்டதா? இப்போதே ரேடியேஷன் கொடுக்க வேண்டுமா? 16 வயது மகளுக்கும் பரிசோதனை தேவையா? ஐந்தாவது, கார்டிசாலுக்கு ஈடாகக் கொடுத்த ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை தேவையா என்பது. அதற்குப் பதில் வரும் முன் அவர் ஒரு விஷயத்தைச் செய்தும் முடித்துவிட்டார்: "கட்டியே ஏசிடிஎச் சுரக்கிறது என்றால் உடம்பில் ஸ்டீராய்டு ஏற்கெனவே அதிகம்தானே, மாத்திரை எதற்கு என்று ஹைட்ரோகார்டிசோனை 12 நாளாக நிறுத்திவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு 4 கிலோ கூடியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். தைராய்டு மாத்திரை 75 மட்டும் தொடர்கிறேன். கவலையாலோ என்னவோ, காலையில் குமட்டலும் எழுந்தால் கிறுகிறுப்பும் இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை."

அன்புள்ள சகோதரி,

உங்கள் ஐந்தாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற நான்குக்கும் நாள் இருக்கிறது, இதற்கு இல்லை.

முதலில் மாத்திரை

காலைக் குமட்டல், எழுந்தால் கிறுகிறுப்பு, பசியின்மை. இந்த மூன்றையும் கவலையின் கணக்கில் எழுதாதீர்கள். பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவர் ஹைட்ரோகார்டிசோனை நிறுத்திய பின் இவை வந்தால், கார்டிசால் பற்றாக்குறை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்த கையோடு உங்களுக்கு எழுதிக் கொடுத்த அளவில் மாத்திரையை மீண்டும் தொடங்கி, உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வாந்தியோ காய்ச்சலோ மயக்கமோ இருந்தால் வீட்டில் காத்திருக்காமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவள், ஸ்டீராய்டை நிறுத்தியிருந்தேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். அங்கே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் சலைனும் கொடுத்து, சோடியத்தையும் சர்க்கரையையும் பார்ப்பார்கள். "முதலில் டெஸ்ட் எடுத்துவிட்டு மாத்திரை போடலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். டெஸ்ட்டைப் பிறகு முறையாகச் செய்துகொள்ளலாம்.

இன்னொரு விஷயம் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. கார்டிசால் மாத்திரையை விட்டுவிட்டு தைராக்சினை மட்டும் தொடர்ந்திருக்கிறீர்கள். தைராக்சின் உடம்பின் வேகத்தைக் கூட்டும். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் சீக்கிரம் கழித்துவிடும். பிட்யூட்டரி குறைபாட்டில் கார்டிசாலை முதலில் ஈடுகட்டி, அதன் பிறகே தைராக்சினைத் தொடங்குவது இதனால்தான். உங்களுக்கும் அந்த வரிசையில்தான் கொடுத்திருப்பார்கள். நீங்கள் நிறுத்தியதில் வரிசை தலைகீழாகிவிட்டது.

"இது ஸ்டீராய்டு, எலும்பு கரையும், உடம்பு ஊதும்" என்ற பயம் வேறு அளவுகளைப் பற்றியது. அட்ரினல் சுரப்பி தினமும் தானாகச் சுரக்கும் அளவையே வெளியிலிருந்து தருகிறோம்: பெரும்பாலானவர்களுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மி.கி. ஹைட்ரோகார்டிசோன், எழுந்தவுடன் பெரிய பங்கு, மதியம் ஒன்று, தேவைப்பட்டால் மாலை 4, 5 மணிக்குள் சிறியது ஒன்று. இரவில் போட்டால் தூக்கம் கெடும். ஆபரேஷனை ஒட்டிச் சில நாட்கள் இதைவிட அதிகம் கொடுப்பார்கள். வீட்டு ஓய்வும் சேர்ந்து 4 கிலோ கூடுவது நடக்கக்கூடியதே. அளவு கூடுதலாக இருந்தால் டாக்டர் குறைப்பார். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது.

நிரந்தரமாக வேண்டுமா என்பது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும். முந்தைய நாள் மதியம், மாலை டோஸ்களையும் அன்று காலை டோஸையும் டாக்டர் சொன்னபடி விட்டு, காலை 8 மணிக்குக் கார்டிசால் எடுக்க வேண்டும். ரத்தம் கொடுத்ததும் அங்கேயே மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை உறுதி. 15-க்கு மேல் இருந்தால் மாத்திரை தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் வந்தால் ஏசிடிஎச் ஊசி போட்டு அட்ரினலைத் தூண்டிப் பார்ப்பார்கள். ஆபரேஷன் முடிந்த முதல் ஆறு வாரங்களில் அந்தத் தூண்டல் பரிசோதனை ஏமாற்றும். பிட்யூட்டரியின் கட்டளை நின்றாலும் அட்ரினல் சுருங்கக் கொஞ்ச காலம் ஆகும் என்பதால் ஊசிக்கு நன்றாகவே பதில் சொல்லும். நீங்கள் மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இப்போது செய்யலாம்.

தைராய்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேபில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மட்டும் பார்த்து "நார்மல்" என்று யாராவது சொன்னால் அதை வைத்து அளவை மாற்றாதீர்கள். டிஎஸ்எச்சை அனுப்புவதே பிட்யூட்டரிதான். அடிபட்ட பிட்யூட்டரி அனுப்பும் எண்ணுக்குப் பொருள் இல்லை. ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனையே, பார்க்க வேண்டும், அதுவும் அன்றைய மாத்திரை போடும் முன்.

ஸ்லைடு ஒன்று சொல்கிறது, ரத்தம் வேறொன்று சொல்கிறது

இப்போது உங்களைக் குழப்பிய இடத்துக்கு வருகிறேன். ஏசிடிஎச் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட்டில் இருப்பதற்கும் உங்கள் ரத்தத்தில் ஏசிடிஎச் அதிகம் என்பதற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, 3, 4 மைக்ரான் தடிமனில் சீவிக் கண்ணாடியில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு கண்ணாடி மீதும் ஒவ்வோர் ஆன்டிபாடியை ஊற்றுகிறார்கள். தேடும் புரதம் திசுவில் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். மற்றவை நீலமாகவே நிற்கும். டிபிட் கண்ணாடியில் செல்லின் உட்கரு மட்டும் பழுப்புப் பொட்டாகத் தெரியும். ஏசிடிஎச் கண்ணாடியில் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் பழுப்பாகும். பிட்-1, எஸ்எஃப்-1 இரண்டிலும் உங்கள் திசு நீலமாகவே இருந்திருக்கிறது.

பிட்யூட்டரியின் முன்பகுதிச் செல்கள் மூன்று குடும்பங்கள். பிட்-1 குடும்பம் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், டிஎஸ்எச் மூன்றையும் செய்யும். எஸ்எஃப்-1 குடும்பம் சூலகத்தை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் செய்யும். டிபிட் குடும்பம் ஏசிடிஎச் மட்டும் செய்யும். எனவே உங்கள் ரிப்போர்ட் சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கட்டி ஏசிடிஎச் குடும்பத்தில் பிறந்தது. பிறந்த வீட்டின் தொழிலை அது செய்கிறதா என்பதை ரத்தமும் உங்கள் உடம்பும்தான் சொல்ல வேண்டும்.

செய்யாமல் இருக்கக் காரணமும் ஓரளவு தெரிந்ததே. செல் முதலில் 241 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு தாய்ப் புரதத்தைத் தயாரிக்கிறது. அதை ஒரு நொதி வெட்டினால்தான் 39 அமினோ அமிலம் கொண்ட ஏசிடிஎச் கிடைக்கும். இப்படிப்பட்ட கட்டிகள் பலவற்றில் அந்த வெட்டும் நொதி குறைவாக இருக்கிறது. வெட்டுப்படாத புரதம் கண்ணாடியில் சாயம் ஏற்கும், அட்ரினலைத் தூண்டாது. இதற்கு மௌன கார்டிகோட்ரோஃப் கட்டி என்று பெயர். ஆக, உங்கள் உடம்பில் கார்டிசால் வழிந்துகொண்டிருக்கவில்லை. கட்டி நசுக்கியதாலும் ஆபரேஷனாலும் அடிபட்டது உங்கள் சொந்த பிட்யூட்டரி. அதனால்தான் மாத்திரை.

"ரத்தம் நார்மல்" என்பதையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. கார்டிசால் காலையில் ஏறி இரவில் இறங்கும் ஹார்மோன். ஒரு காலைச் சாம்பிளை வைத்து, கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கான பரிசோதனை, இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் 1 மி.கி. போட்டு மறுநாள் காலை 8 மணிக்குக் கார்டிசால் எடுப்பது, 1.8-க்குக் கீழே இறங்கிவிட்டால் நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதில் பொய்யாகக் கூடுதல் காட்டும். உங்கள் கடிதத்தில் இந்தப் பரிசோதனை செய்ததாக இல்லை. கார்டிசால் பற்றாக்குறை இருக்கும் இன்று செய்தும் பயனில்லை. வருங்காலத்தில் தொடையில் பலமிழந்து தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமல் போனாலோ, லேசாக இடித்தாலே கன்றிப்போனாலோ, வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதாக் கோடுகள் வந்தாலோ, புதிதாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒன்றாக ஏறினாலோ அப்போது செய்ய வேண்டும். மௌனமாக இருந்த இந்த வகைக் கட்டி சிலருக்குப் பிற்பாடு வாய் திறப்பது உண்டு.

புரோலாக்டின் 58 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது புரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரையை எழுதிக் கொடுக்கலாம் என்பதால் சொல்கிறேன். பெரிய கட்டி பிட்யூட்டரியின் காம்பை அழுத்தினால், புரோலாக்டினை அடக்கி வைக்கும் டோபமின் கீழே வராது. புரோலாக்டின் சும்மாவே 100 வரை ஏறும். இந்த அளவுள்ள உண்மையான புரோலாக்டின் கட்டியில் எண் 200-ஐ எளிதாகத் தாண்டும். மிக மிக அதிகமாக இருக்கும்போது கருவி திணறிக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. பெரிய கட்டியில் எண் பொருந்தாவிட்டால் சீரத்தை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்க்கச் சொல்வது அதனால்தான். உங்கள் விஷயத்தில் பிட்-1 நெகட்டிவ் என்பதே அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது.

புற்றுநோயா?

நீங்கள் இணையத்தில் "நியூரோஎண்டோகிரைன் டியூமர்" என்று தேடி, கணையத்திலும் குடலிலும் வருகிற நோய்களைப் படித்துப் பயந்திருக்கிறீர்கள். பெயர் ஒன்றாகப் போனதால் வந்த வினை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வகைப்பாட்டில், அதுவரை பிட்யூட்டரி அடினோமா என்று அழைத்து வந்ததற்கே பிட்யூட்டரி நியூரோஎண்டோகிரைன் டியூமர், சுருக்கமாக பிட்நெட், என்று பெயர் மாற்றினார்கள். போன தலைமுறையில் உங்களுக்கு இதே கட்டி வந்திருந்தால் "அடினோமா, சாதாரணக் கட்டி" என்று எழுதியிருப்பார்கள். இந்தப் பெயர் மாற்றம் நோயாளிகளைப் பயமுறுத்தும் என்று எதிர்த்த டாக்டர்கள் நிறைய. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பிட்யூட்டரியில் புற்றுநோய் என்று சொல்ல ஒரே அளவுகோல், கட்டி இருந்த இடத்தை விட்டு மூளை, தண்டுவடத்தின் வேறு பகுதிக்கோ உடம்பின் வேறு உறுப்புக்கோ பரவியிருப்பது. ஆயிரம் பிட்யூட்டரிக் கட்டிகளில் ஒன்றிரண்டுக்குத்தான் அது நடக்கிறது. கேஐ-67 4% என்பது, எண்ணிய செல்களில் நூற்றுக்கு நான்கு பிரிந்து பெருகும் சுழற்சியில் இருந்தன என்று மட்டும் சொல்கிறது. முன்பு 3 சதவீதத்தைத் தாண்டினால் "வழக்கத்துக்கு மாறான அடினோமா" என்று தனிப்பெயர் வைத்திருந்தார்கள். 2017 வகைப்பாட்டில் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள். எந்த இடத்தை எண்ணினார்கள், எத்தனை செல்களை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே கட்டியில் 2-ம் வரும், 4-ம் வரும்.

அதற்காக இதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் மாட்டேன். மௌன கார்டிகோட்ரோஃப் கட்டி, சுரக்காத மற்ற கட்டிகளைவிடப் பக்கத்து இடங்களுக்குள் நுழையவும் திரும்ப வளரவும் கூடுதல் வாய்ப்புள்ளது. அதோடு 4 சதவீதமும் 6 மி.மீ. மிச்சமும் சேர்கின்றன. உங்களை மற்றவர்களைவிட நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மார்க்கர்களைச் செய்ததே.

லேபில் மாறியிருக்குமா?

மாறியதாக நினைக்க இதில் காரணம் இல்லை என்பது இதுவரை சொன்னதிலேயே தெரிந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. கட்டியோடு சேர்ந்து ஆரோக்கியமான பிட்யூட்டரித் துணுக்கும் சில சமயம் வந்துவிடும். அதில் ஏசிடிஎச் செல்கள் இயல்பாகவே உண்டு. அவை சாயம் ஏற்றதைக் கட்டி பாசிட்டிவ் என்று படித்துவிடலாம். இதைப் பிரிக்க ரெட்டிகுலின் என்ற சாயம் உதவும். ஆரோக்கியமான பகுதியில் செல் கூட்டங்களைச் சுற்றி வலைப்பின்னல் முழுசாக இருக்கும். கட்டியில் அந்த வலை அறுந்து சிதைந்திருக்கும். டிபிட் பரவலாகப் பாசிட்டிவ், மற்ற இரண்டும் நெகட்டிவ் என்றால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. "டிபிட் சிதறலாகச் சில செல்களில்" என்று எழுதியிருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. உங்கள் டாக்டர் வருத்தப்பட மாட்டார். மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுத்தில் கேட்டு வாங்கி, பிட்யூட்டரி ஆபரேஷன்கள் நிறைய நடக்கும் ஒரு மருத்துவமனையின் நோய்க்கூறியல் துறைக்கு அனுப்புங்கள். டிபிட் பரவல், ரெட்டிகுலின், செல் பிரிவு எண்ணிக்கை, பி53, கேஐ-67 மறு எண்ணிக்கை என்று கேட்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு போன்றவற்றை நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. அதே விதிகள் டாக்டர்கள் அவற்றை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றும் சொல்வதால், இப்போதே நகல் வாங்கி வையுங்கள். எம்ஆர்ஐக்கு ஃபிலிம் மட்டும் போதாது, சிடியும் வேண்டும்.

மிச்சக் கட்டியும் ரேடியேஷனும்

மூன்றாம் மாத ஸ்கேனில் தெரியும் 6 மி.மீ. முழுவதும் கட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆபரேஷனில் ஓட்டையை அடைக்க வைத்த கொழுப்பும், ஆறிவரும் திசுவும் அந்த நேரத்தில் கட்டி போலவே தெரியலாம். அந்த ஸ்கேன் இனி வருபவற்றை ஒப்பிட ஓர் அடித்தளம்.

உங்கள் முன் மூன்று வழிகள். கண்காணிப்பது, மறுபடி ஆபரேஷன், ரேடியேஷன். மிச்சம் இடது பக்கம், கண்ணை அசைக்கும் நரம்புகளும் கழுத்துத் தமனியும் ஓடும் கேவர்னஸ் சைனஸுக்குள் இருந்தால் மறு ஆபரேஷனில் முழுதாக எடுப்பது கடினம். வெளியே இருந்தால் எடுக்கலாம். இதை ஸ்கேனை நேரில் பார்த்த சர்ஜன்தான் சொல்ல முடியும், கேளுங்கள்.

ரேடியேஷன் இரண்டு விதம். ஒரே அமர்வில் குவித்துக் கொடுக்கும் காமா நைஃப் போன்ற முறைக்கு, கட்டிக்கும் பார்வை நரம்புச் சந்திப்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் 45 முதல் 54 கிரே வரை 25, 30 தவணைகளாகப் பிரித்து ஐந்தாறு வாரம் தருவார்கள். இரண்டுமே வளர்ச்சியை நிறுத்துவதில் நல்லவை. விலை, வருடங்கள் கழித்துத் தெரியும்: மிச்சமிருக்கும் பிட்யூட்டரிச் செயல்பாடும் மெல்ல மெல்லக் குறையும்.

பார்வை முழுதாகத் திரும்பியிருக்கிறது, மிச்சம் சிறியது. எனவே இன்றைக்கு அவசரம் இல்லை என்பது என் கருத்து. ஆபரேஷனிலிருந்து ஆறாம் மாதம் ஓர் எம்ஆர்ஐ, பிறகு இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒன்று. முடிந்தவரை ஒரே சென்டரில், பிட்யூட்டரிக்கென மெல்லிய வெட்டுகளாக, கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்க வேண்டும். இடம் மாறினால் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வளர்ச்சியா அளவுப் பிழையா என்று தெரியாமல் போகும். 6 மி.மீ. உண்மையிலேயே வளர்கிறது என்று தெரிந்தால் அப்போது தாமதிக்க வேண்டாம். சாதாரண சுரக்காத கட்டிக்குக் காட்டும் பொறுமையை இந்த வகைக்குக் காட்டக் கூடாது. ஐந்து வருடம் நன்றாக இருந்தது என்று கண்காணிப்பை விட்டுவிடவும் கூடாது. உங்கள் டாக்டர்கள் ஸ்கேனையும் ஸ்லைடையும் ஒன்றாகப் பார்த்து வேறு முடிவு சொன்னால், காரணம் கேட்டுக்கொண்டு அதன்படி செய்யுங்கள். இந்தப் பதில் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியது.

மகளைப் பற்றி: பெரும்பாலான பிட்யூட்டரிக் கட்டிகள் பரம்பரையாக வருவதில்லை. வீட்டில் வேறு யாருக்கும் பிட்யூட்டரி, பாராதைராய்டு, கணையக் கட்டிகளோ சின்ன வயதிலேயே திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல்லோ இல்லையென்றால் அவளுக்கு ஸ்கேனும் வேண்டாம், மரபணுப் பரிசோதனையும் வேண்டாம். பாராதைராய்டில் கோளாறு இருந்தால் கால்சியம் ஏறும் என்பதால், உங்களுக்கு ஒருமுறை ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். நார்மல் என்றால் இந்தக் கேள்வியை மூடிவிடலாம்.

கடைசியாக, அட்ரினல் பரிசோதனை முடிவு வரும்வரை உங்கள் கைப்பையில் இருக்க வேண்டியவை. மூன்று நாளுக்கான கூடுதல் ஹைட்ரோகார்டிசோன். "பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவர். மயக்கம், வாந்தி, விபத்து என்றால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்ட ஓர் அட்டை. காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால் அன்றைய அளவு இரண்டு மடங்கு, 102-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு; காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று போடுங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரி. பல் பிடுங்குவதற்கு முன்பும் பல் டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள். பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஒருவருக்காவது இந்த அட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.